கிடாரியை விற்றபின் கன்று எங்கிருந்து வரும்? அமெரிக்க மாட்டுக் கணக்கும் நம் தோட்டத்து மாடுகளும்

ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதியை ஒட்டி மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஒரு கணக்கை வெளியிடும். மாதத் தொடக்கத்தில் கையிருப்பு எவ்வளவு, உற்பத்தி எவ்வளவு, ஏற்றுமதி எவ்வளவு, கடைசியில் மிச்சம் எவ்வளவு என்ற கணக்கு அது. தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். அந்தக் கணக்கு வந்த அன்றே எண்ணெய் விலை ஆடும். விலை ஆடினால் குலையின் விலையும் ஆடும்.

அதே போன்ற ஒரு மாதக் கணக்கு அமெரிக்காவில் மாடுகளுக்கு உண்டு. அங்குள்ள விவசாய அமைச்சு, வழக்கமாக மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமையை ஒட்டி அதை வெளியிடுகிறது. ஆயிரம் மாடுகளுக்கு மேல் கட்டக்கூடிய பீட்லோட்டுகளில், அதாவது மாடுகளை அடைத்துத் தீனி கொடுத்துக் கொழுக்க வைக்கும் பெரிய பட்டிகளில், எத்தனை மாடுகள் நிற்கின்றன, அந்த மாதம் எத்தனை உள்ளே வந்தன, எத்தனை அறுப்புக்குப் போயின என்பதே அதன் உள்ளடக்கம். தெக்சஸ், கன்சஸ், நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களில்தான் இந்தப் பட்டிகள் அதிகம்.

நம்மில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. அப்படியிருக்க இந்தக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. உலகச் சந்தையில் ஓர் இறைச்சி விலை ஏறினால் அது மற்ற இறைச்சிகளின் விலையையும் தூக்கிவிடும்; உணவகம் நடத்துபவர்கள் இதை நன்கு அறிவார்கள். இரண்டாவது காரணம் இன்னும் நெருக்கமானது. இந்த நாட்டில் இன்றும் மாடு வளர்த்துப் பிழைப்பவர்களில் நம்மவர்கள் கணிசமானோர். அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரருக்கு வறட்சி செய்ததை, நம் மாட்டுக்காரருக்குக் காலி செய்யச் சொல்லும் கடிதம் செய்துகொண்டிருக்கிறது.

பட்டி நிறைந்திருக்கும்போதே பஞ்சம்

முதலில் எண்களைப் பார்ப்போம். 2025 ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி அமெரிக்காவில் மொத்தம் 86.7 மில்லியன் மாடுகள், கன்றுகள் இருந்தன. 1951-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை. இறைச்சிக்கான கன்று ஈனும் தாய்ப்பசுக்கள் 27.9 மில்லியன், இது 1961-க்குப் பிறகான மிகக் குறைந்த எண்ணிக்கை. ஓராண்டு கழித்து, 2026 ஜனவரியிலும் இறக்கம் நிற்கவில்லை. மொத்த எண்ணிக்கை 86.2 மில்லியனாகியது. 1975-இல் அதே நாட்டில் 132 மில்லியன் மாடுகள் இருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இறக்கத்தின் ஆழம் புரியும்.

ஆனால் மாதக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தப் பஞ்சம் கண்ணில் படவில்லை. 2025 ஜனவரி 1-இல் பெரிய பட்டிகளில் 11.8 மில்லியன் மாடுகள் நின்றன. முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் குறைவு. நாட்டில் மாடே இல்லை என்கிறார்கள், பட்டியோ நிறைந்திருக்கிறது. எப்படி?

இதற்கு இரண்டு விடைகள். ஒன்று, மாடுகள் பட்டியில் தங்கும் நாள் கூடிவிட்டது. கன்று கிடைப்பது அரிதானதால், கையில் இருக்கும் மாட்டை இன்னும் சில வாரங்கள் வைத்துத் தீனி போட்டு எடையை ஏற்றுகிறார்கள். காயடித்த காளை ஒன்றின் அறுத்த எடை சராசரியாக 400 கிலோவைத் தாண்டிவிட்டது. வெளியே போக வேண்டிய மாடு உள்ளேயே நிற்பதால் எண்ணிக்கை குறையாமல் தெரிகிறது. ஒரு கடையில் சரக்கு விற்காமல் தேங்கினாலும் அலமாரி நிறைந்துதான் இருக்கும். அதை வைத்துக் கடை செழிக்கிறது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது விடைதான் முக்கியம். பட்டியில் நிற்பவற்றில் எத்தனை கிடாரிகள் என்று பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமெரிக்கக் கணக்கு ஆண், பெண் என்று பிரித்துச் சொல்லும். 2025 ஜூலையில் பட்டி மாடுகளில் ஏறத்தாழ 38 விழுக்காடு கிடாரிகள். பண்ணைக்காரர்கள் மந்தையைப் பெருக்க நினைத்த 2014, 2015-ஆம் ஆண்டுகளில் இந்த அளவு மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இறங்கியது. நாளைக்குத் தாயாக வேண்டியது இன்றைக்குக் கறியாகப் போனால், அந்த ஆண்டுச் சந்தையில் மாடு கூடும். பட்டியும் நிறைந்திருக்கும். பஞ்சம் இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வந்து கதவைத் தட்டும்.

பத்துப் பசுவின் கணக்கு

இதை எளிமையாகச் சொல்லலாம். ஒருவரிடம் பத்துப் பசுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு எட்டுக் கன்றுகள் தேறுகின்றன. நான்கு காளைக் கன்று, நான்கு கிடாரிக் கன்று. காளைக் கன்றுகள் நான்கையும் விற்கிறார். வயதாகிப்போன இரண்டு பசுக்களுக்கு ஈடாக இரண்டு கிடாரிகளை வைத்துக்கொண்டு மீதி இரண்டை விற்கிறார். சந்தைக்கு ஆறு கன்றுகளும் இரண்டு கிழட்டுப் பசுக்களும் போகின்றன. மந்தை பத்தாகவே நிற்கும்.

மழை பொய்க்கிறது. புல் இல்லை. நான்கு கிடாரிகளையும் விற்கிறார். இன்னும் இரண்டு பசுக்களையும் சேர்த்து விற்கிறார். அந்த ஆண்டு சந்தைக்குப் பன்னிரண்டு உருப்படிகள் போகின்றன. வாங்குபவர் விலை மலிவு என்று மகிழ்கிறார். ஆனால் மந்தை ஆறாகிவிட்டது. அடுத்த ஆண்டு ஐந்து கன்று தேறினாலே பெரிது.

இப்போது மழை பெய்கிறது. மந்தையைப் பெருக்க ஆசைப்படுகிறார். அதற்குப் பிறக்கும் கிடாரிக் கன்றுகளை விற்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது சந்தைக்குப் போவது இரண்டு மூன்று காளைக் கன்றுகள் மட்டுமே. ஏற்கெனவே குறைவாக இருக்கும் சந்தையில் மேலும் குறையும். ஆகவே விலை இறங்குவதற்கு முன் ஒருமுறை ஏறியே தீரும். அமெரிக்கா இப்போது நிற்பது இந்த இடத்தில்தான். 2020 முதல் 2022 வரை அங்கே மாட்டுப் பண்ணைகள் நிறைந்த சமவெளிகளை வறட்சி வாட்டியது. அப்போது விற்ற கிடாரிகளின் விலையை இன்று கடைக்காரரும் வாங்குபவரும் கொடுக்கிறார்கள். 2025-இன் நடுவில் அமெரிக்காவில் அரைத்த மாட்டிறைச்சி ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவானது, முதல் முறையாக 6 டாலரைத் தாண்டியது.

எவ்வளவு காலம் ஆகும்? பால்குடி மறந்த கிடாரியை இன்று நிறுத்தி வைத்தால், அது சினையாகிக் கன்று ஈன ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. அந்தக் கன்று வளர்ந்து அறுப்புக்குத் தயாராக மேலும் ஒன்றரை ஆண்டு. ஆக, மூன்று ஆண்டு. செம்பனைக் கன்றை நட்டு முதல் குலை வெட்ட எவ்வளவு காத்திருக்கிறோமோ, கிட்டத்தட்ட அதே காலம். மறுநடவு செய்யாமல் விட்ட தோட்டத்தில் திடீரென்று குலை கேட்டால் கிடைக்குமா?

ஓர் ஈயும் ஒரு தொழிற்சாலையும்

பற்றாக்குறை இருக்கும் நேரத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. அமெரிக்கப் பட்டிகளுக்கு ஆண்டுதோறும் ஒரு மில்லியனுக்கு மேற்பட்ட இளம் மாடுகள் மெக்சிகோவிலிருந்து வருவது வழக்கம். 2024 நவம்பரில் மெக்சிகோவின் தென்பகுதியில், புண்ணில் முட்டையிட்டு உயிருள்ள சதையைத் தின்னும் புழுவை உண்டாக்கும் ஈ கண்டறியப்பட்டது. அமெரிக்கா எல்லையை மூடியது. 2025 தொடக்கத்தில் திறந்து, மே மாதம் மீண்டும் மூடியது. ஜூலையில் ஒரு நுழைவாயிலை மட்டும் திறந்து இரண்டே நாளில் அடைத்துவிட்டது. புண்ணில் புழு வைப்பது நம் மாட்டுக்காரர்களுக்குப் புதிதல்ல. அதன் உறவுக்கார ஈ ஒன்று நம் வட்டாரத்திலும் உண்டு. ஆனால் ஓர் ஈ ஒரு நாட்டின் இறைச்சிக் கணக்கையே மாற்றும் என்பது மந்தை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

மாடு குறைந்தால் முதலில் தவிப்பது அறுப்பு ஆலைகள். 2025 நவம்பரில் தைசன் நிறுவனம் நெப்ராஸ்காவின் லெக்சிங்டன் ஊரில் உள்ள தனது பெரிய ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. ஏறத்தாழ 11,000 பேர் வாழும் அந்த ஊரில் ஏறத்தாழ 3,200 பேர் அந்த ஆலையை நம்பியிருந்தவர்கள். தோட்டம் கைமாறித் துண்டாடப்பட்டபோது லயமும் கடையும் பள்ளியும் எப்படி வெறிச்சோடின என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நம் சந்தைக்கு எப்படி வந்து சேர்கிறது?

மலேசியா அமெரிக்க மாட்டிறைச்சியைப் பெரிதாக நம்பியிருக்கவில்லை. இங்கு விற்பனையாகும் மாட்டிறைச்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வெளியிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி இந்தியாவின் உறைய வைத்த எருமை இறைச்சி. அடுத்து ஆஸ்திரேலியா.

ஆஸ்திரேலியாதான் இங்கே கொக்கி. அமெரிக்கப் பற்றாக்குறையை நிரப்ப அந்நாட்டுச் சரக்கு கிழக்கே கப்பலேறுகிறது. 2024-இல் ஆஸ்திரேலியா 1.34 மில்லியன் டன் மாட்டிறைச்சியை ஏற்றுமதி செய்தது. அதுவரை காணாத அளவு. 2025 அதையும் தாண்டியது. அதன் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. அதிக விலை கொடுப்பவருக்கே சரக்கு என்பது சந்தை வழக்கம். நம் இறக்குமதியாளர்கள் அந்த விலைக்குப் போட்டி போட வேண்டும், அல்லது எருமை இறைச்சியை மேலும் நம்ப வேண்டும். உறைய வைத்த ஆட்டிறைச்சிக்கும் நாம் ஆஸ்திரேலியாவையே பெரிதும் நம்புகிறோம். ஆட்டுக் கணக்கு வேறு, மாட்டுக் கணக்கு வேறு என்றாலும் கடைக்காரர் ஒருவரே. தீபாவளி நெருங்கும்போது ஆட்டிறைச்சி விலையைப் பற்றி மட்டும் பேசும் நாம், ஆண்டு முழுவதும் இறக்குமதியை நம்பியிருக்கும் நிலையைப் பற்றிப் பேசுவதில்லை.

கொட்டில் கட்டினோம், கன்று எங்கே?

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2030-க்குள் மாட்டிறைச்சித் தேவையில் பாதியை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்பது தேசிய வேளாண் உணவுக் கொள்கையின் இலக்கு. இலக்கு வைப்பது இது முதல் முறையும் அல்ல. 2010-க்குள் 40 விழுக்காட்டை எட்டும் நோக்கில்தான் நெகிரி செம்பிலான், கெமாஸில் தேசிய பீட்லோட் மையம் தொடங்கப்பட்டது. 250 மில்லியன் ரிங்கிட் சலுகைக் கடன் ஒதுக்கப்பட்டது. அந்தத் திட்டம் இலக்கை எட்டவில்லை என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2010-ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. அதன் பின் எழுந்த அரசியல் புயலையும் நீதிமன்ற வழக்குகளையும் நாடே பார்த்தது.

அந்த விவகாரத்தில் பணம் எங்கே போனது என்ற கேள்வியே பெரிதாகப் பேசப்பட்டது. அது நியாயமான கேள்விதான். ஆனால் இன்னொரு கேள்வி அதன் நிழலில் மறைந்துவிட்டது. பீட்லோட் மாட்டைப் பிறப்பிக்காது. பிறந்த மாட்டைக் கொழுக்க வைக்கும். வாசல் வழியே கன்று வந்தால்தான் அங்கே வேலை. நாட்டில் போதிய தாய்ப்பசுக்கள் இல்லாமல் கொட்டில் கட்டினால், கன்றைக் கப்பலில்தான் கொண்டுவர வேண்டும். உலகம் முழுவதும் கன்று விலை ஏறும்போது அந்தக் கொட்டில் என்ன ஆகும் என்பதை அமெரிக்கப் பட்டி முதலாளிகளே இன்று சொல்வார்கள்.

மலேசியாவில் இருக்கும் மாடுகள் ஏறத்தாழ 7 லட்சம். இவற்றில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களிடம் இல்லை. ஐந்து, பத்து, முப்பது என்று வைத்திருக்கும் சிறு வளர்ப்பாளர்களிடம் இருக்கின்றன. நம் மக்களுக்கும் இந்த மாடுகளுக்கும் உள்ள உறவு பழையது. சஞ்சிக்கூலிகளாக வந்தவர்களின் காலத்தில் வண்டியிழுக்கவும் பாலுக்காகவும் இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றலைக் கால்நடைத் துறையினர் இன்றும் லோக்கல் இந்தியன் டைரி என்ற தனி இனமாகவே குறிப்பிடுகிறார்கள். வெயிலையும் உண்ணியையும் தாங்கும், குறைந்த தீனியில் பிழைக்கும் இனம். தோட்டச் சம்பளம் போதாத காலத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தது அந்தப் பால்தான்.

அந்தச் சிறு வளர்ப்பாளர்கள் இன்று மேய்ச்சல் இடத்தை இழந்து வருகிறார்கள். பால்மரக்காடு செம்பனையாக மாறியது. செம்பனைத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறுகிறது. சில பெரிய தோட்ட நிறுவனங்கள் தங்கள் நிலத்தில் மாடே கூடாது என்கின்றன. மாடு இளங்கன்றைத் தின்றுவிடும், மண்ணை இறுக்கிவிடும், நோய் பரவும் என்பது நிறுவனங்களின் வாதம். கட்டுப்பாடில்லாமல் அலையும் மாடு சாலை விபத்துக்குக் காரணமாவதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வளர்ந்த மரங்களுக்கிடையே, மின்வேலி போட்டு, வரிசை மாற்றி முறையாக மேய்த்தால் களைச் செலவு குறையும் என்பதைச் செம்பனை எண்ணெய் வாரியமே ஆய்வு செய்து ஊக்குவித்திருக்கிறது.

காலி செய்யச் சொல்லி முப்பது நாள் தவணை வந்தால் வளர்ப்பாளர் என்ன செய்வார்? முதலில் விற்பது நல்ல விலைக்குப் போகும் இளம் மாடுகளை. அவற்றில் கிடாரியும் சினைப்பசுவும் அடக்கம். அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் சந்தையில் உள்ளூர் மாடு கூடுதலாகத் தெரியும். உற்பத்தி உயர்ந்துவிட்டது என்று யாராவது மகிழக்கூடும். பத்துப் பசுக் கணக்கை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். வறட்சியாவது ஒருநாள் முடியும், புல் திரும்ப முளைக்கும். வீடு கட்டிய நிலத்தில் புல் முளைக்காது.

என்ன செய்யலாம்?

முதலாவது, கணக்கு. அமெரிக்கா பட்டி மாட்டை மாதாமாதம் எண்ணுகிறது. நாம் எண்ணெயை மாதாமாதம் அளக்கிறோம். நம் மாட்டுக் கணக்கோ பெரும்பாலும் ஆண்டுப் புள்ளிவிவரமாகவே வெளிவருகிறது. எத்தனை கிடாரிகள் அறுப்புக்குப் போகின்றன என்ற ஓர் எண்ணை மட்டுமாவது மாதந்தோறும் வெளியிட்டால், பற்றாக்குறை வருவதை இரண்டு ஆண்டுக்கு முன்பே காணலாம். அதற்கு அறுப்புக்கூடங்களில் ஏற்கெனவே இருக்கும் பதிவே போதும்.

இரண்டாவது, நிலம். ஒரு பீட்லோட்டுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, மாநில அரசுகள் மாவட்டந்தோறும் வேலியிட்ட பொது மேய்ச்சல் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கலாம். காலி செய்யச் சொல்லும் இடங்களில் மாற்று நிலம் தயாராகும் வரை தாய்ப்பசுக்களை அகற்றக் கூடாது என்ற ஒரு விதி போதும், மந்தை தப்பும்.

மூன்றாவது, தீனி. செம்பனைப் பருப்புப் புண்ணாக்கை நாம் ஆண்டுக்கு 2 மில்லியன் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்கிறோம். நியூசிலாந்துப் பசுக்கள் அதைத் தின்று தரும் பாலை மாவாக நாம் திரும்ப வாங்குகிறோம். அதில் ஒரு பங்கை ஆலை விலைக்கே பதிவு பெற்ற உள்ளூர் வளர்ப்பாளர்களுக்குக் கொடுக்க முடியாதா? ஒரு எச்சரிக்கை: இந்தப் புண்ணாக்கில் செம்புச் சத்து அதிகம். மாட்டுக்கு நல்லது, செம்மறியாட்டுக்கு அளவு மீறினால் நஞ்சு.

வளர்ப்பாளர்கள் பக்கமும் வேலை இருக்கிறது. பதிவு செய்யாத மாடு எந்தக் கணக்கிலும் வராது; கணக்கில் வராதவருக்கு இழப்பீடும் இல்லை, மாற்று நிலமும் இல்லை. மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்தில் பதிந்து காதுக் குறியைப் போட்டுக்கொள்ளுங்கள். 2021-இல் தோல் கழலை நோய் இந்நாட்டில் நுழைந்தபோது, தடுப்பூசி எத்தனை பேருக்குத் தேவை என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை உணர்ந்தோம். தனித்தனியாகப் போய் நிற்பதைவிட, ஒரு வட்டாரத்தில் இருபது பேர் சேர்ந்து கூட்டுறவாகப் போய்க் கேட்டால் அதிகாரிகள் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். பணமுடை வரும்போது காளையை விற்றுச் சமாளிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். சினைக் கிடாரியைக் கடைசியில் தொடுங்கள்.

நம் பிரதிநிதிகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்டுக்காரர் பிரச்சினையை ஏதோ சில குடும்பங்களின் நிலத் தகராறாகவே சட்டமன்றங்களில் பேசுகிறார்கள். இது உணவு உத்தரவாதப் பிரச்சினை. அடுத்த முறை மாட்டிறைச்சி, பால் உற்பத்தி இலக்குகள் அறிவிக்கப்படும்போது, சிலாங்கூரிலும் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் காலி செய்யப்பட்ட கொட்டகைகளிலிருந்து கடந்த ஆண்டில் எத்தனை கிடாரிகள் அறுப்புக்குப் போயின என்ற ஒரு கேள்வியை அவர்கள் எழுப்பட்டும். பதில் இல்லையென்றால், எண்ணத் தொடங்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.